ஃப்ரிட்ஸ் ஃபிஷரோட அமெரிக்கா பயணத்த ஏன் நிறுத்துனாங்க: ஒரு வரலாற்று ப்ரொஃபஸரோட கேஸ்

1964 தொடக்கத்துல ஹாம்பர்க் யூனிவர்சிட்டி வரலாற்று ப்ரொஃபஸர் ஒருத்தர் அமெரிக்காவுக்கு லெக்சர் டூர் போக ரெடியா இருந்தாரு. ஏற்பாடு கோத்தே இன்ஸ்டிட்யூட்டோடது, காசு மேற்கு ஜெர்மனி வெளியுறவு அமைச்சகத்தோடது. கிளம்புறதுக்கு முன்னாடி அமைச்சகம் காசு கிடையாதுன்னு கைய விரிச்சிடுச்சு. இத்தனைக்கும் அவரு எந்த கட்சியிலயும் நின்னு கலாட்டா பண்ணல, ரகசியம் எதையும் வித்துடல. 46 வருஷம் முன்னாடி முடிஞ்சு போன ஒரு போர பத்தி ஒரு தடிமனான புத்தகம் எழுதியிருந்தாரு, அவ்ளோதான். அவரு பேரு ஃப்ரிட்ஸ் ஃபிஷர், போர் முதல் உலகப்போர்.

ஐரோப்பிய நாடுகளோட வெளியுறவு அரசியல பத்தி எழுதுன வரலாற்றாளர்கள் நிறைய பேர் இருக்காங்க, எழுத்து அழகுன்னு பாத்தா ஃபிஷர விட பெரிய ஆளுங்க இருக்காங்க, அவரோட புத்தகம் படிக்க லேசானதே கிடையாது, பக்கம் பக்கமா மெமோ, டெலிகிராம், மீட்டிங் குறிப்புன்னு போயிட்டே இருக்கும். ஆனா ஒரு வரலாற்றாளரோட வேலைன்னா என்ன, அதுக்கு என்ன விலை குடுக்கணும், அந்த வேலைய அவரு எங்க வரைக்கும் செஞ்சாரு எங்க நிறுத்திக்கிட்டாருன்னு பாக்குறதுக்கு இவரு வாழ்க்கை மாதிரி ஒரு கேஸ் எனக்கு வேற கிடைக்கல. அவரு சொன்னது எல்லாமே சரின்னு நான் சொல்ல வரல. ஃபைல தேடி போனாரு, படிச்சாரு, படிச்சத ஒளிக்காம போட்டாரு. இதே வேலைய தன்னோட சொந்த கதைக்கு அவரு செய்யல. ரெண்டையும் சேத்து வெச்சுத்தான் இந்த மனுஷன பாக்கணும்.

பிறந்தது 1908 மார்ச் 5, பவேரியாவோட வடக்கு ஓரத்துல லுட்விக்ஷ்டாட்னு ஒரு சின்ன ஊரு. அப்பா ரயில்வே அதிகாரி. எர்லாங்கன்லயும் பெர்லின்லயும் படிச்சாரு, வரலாறோட சேத்து புராட்டஸ்டன்ட் இறையியலும் படிச்சாரு, சொல்லப்போனா ஆரம்பத்துல அவரு சர்ச் வரலாறு ஆளுதான். 1938ல வந்த அவரோட புத்தகம் மோரிட்ஸ் ஆகஸ்ட் ஃபான் பெத்மன் ஹோல்வெக்னு 19ம் நூற்றாண்டு பிரஷ்ய சட்ட அறிஞர், அரசியல்வாதி ஒருத்தர பத்தினது. இந்த பேர ஞாபகம் வெச்சுக்கோங்க, ஏன்னா 1914ல ஜெர்மனியோட சான்சலரா, அதாவது அரசாங்கத் தலைவரா இருந்த தியோபால்ட் ஃபான் பெத்மன் ஹோல்வெக் இவரோட பேரன். தாத்தாவ பத்தி எழுதி கெரியர ஆரம்பிச்ச ஆளு, 20 வருஷம் கழிச்சு பேரன் கையெழுத்து போட்ட காகிதத்த தூக்கி வெளிய வெச்சாரு, அதுலதான் எல்லா பிரச்சனையும்.

நாஜி காலத்துல எஸ்ஏங்கற நாஜி கட்சியோட அடியாள் படைல இருந்தாரு, அப்புறம் கட்சியிலயும் சேந்தாரு. 1942ல ஹாம்பர்க்ல ப்ரொஃபஸர் போஸ்டிங் கிடைச்சுது, ஆனா ராணுவத்துல இருந்தாரு, போர் முடிஞ்சதும் கைதி முகாம், 1947லதான் வெளிய வந்தாரு. அதுக்கப்புறம் ஹாம்பர்க்லயே நிலையா உக்காந்து 1973ல ரிட்டயர் ஆகுற வரைக்கும் அங்கதான். இந்த நாஜி கால விஷயத்த இங்க சுருக்கமா சொல்லிட்டு போறேன், கடைசில திரும்ப வரேன்.

இப்போ 1950கள்ல ஜெர்மன் வரலாற்றுத்துறை எப்படி இருந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லணும், இல்லன்னா இந்த புத்தகம் ஏன் அவ்ளோ சுட்டுச்சுன்னு புரியாது. முதல் உலகப்போர முடிச்சு வெச்ச 1919 வெர்சாய் ஒப்பந்தத்தோட 231வது பிரிவு, போரால வந்த இழப்புக்கு ஜெர்மனியும் அதோட கூட்டாளிகளும்தான் பொறுப்புன்னு எழுதி வெச்சுது. ஜெர்மன்காரங்களுக்கு அது தாங்க முடியாத அவமானம். அத உடைக்கறதுக்குன்னே வெளியுறவு அமைச்சகத்துக்குள்ள தனியா ஒரு பிரிவு வேல செஞ்சுது. போருக்கு முந்தின ராஜதந்திர ஆவணங்கள 1922ல இருந்து 1927 வரைக்கும் 40 வால்யூமா பிரிண்ட் பண்ணி உலகத்துக்கு குடுத்தாங்க. இதெல்லாம் சேந்து வேல செஞ்சுது. பிரிட்டன் பிரதமரா இருந்த லாயிட் ஜார்ஜே பிற்பாடு எல்லா நாடும் சறுக்கிக்கிட்டே போயி போருக்குள்ள விழுந்துடுச்சுங்கற மாதிரி எழுதுனாரு, அதாவது யாரும் வேணும்னு செய்யல, எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பங்கு உண்டு. 1951ல ஃபிரெஞ்சு வரலாற்றாளர்களும் ஜெர்மன் வரலாற்றாளர்களும் உக்காந்து பேசி, 1914ல எந்த ஒரு அரசும் ஐரோப்பிய போர திட்டமிட்டு விரும்பிச்சுன்னு ஆவணங்கள வெச்சு சொல்ல முடியாதுன்னு ஒரு உடன்பாட்டுக்கே வந்துட்டாங்க. கேஸ் க்ளோஸ்.

க்ளோஸ் ஆனதுல ஒரு நிம்மதியும் இருந்துச்சு. 1945க்கு அப்புறம் ஜெர்மன்காரங்களுக்கு தோள் மேல இருந்த பாரம் சாதாரணமானது இல்ல. ஹிட்லரோட 12 வருஷம் வழி தவறி நடந்த ஒரு விபத்து, அதுக்கு முன்னாடி இருந்த பிஸ்மார்க்கோட ஜெர்மனி, கைசரோட, அதாவது பேரரசரோட ஜெர்மனி எல்லாம் மத்த ஐரோப்பிய நாடுங்க மாதிரி சாதாரண நாடுதான்னு சொல்ல முடிஞ்சா அந்த பாரம் கொஞ்சம் குறையும். அதுக்கு 1914 சுத்தமா இருக்கணும். ஃபிஷர் கை வெச்சது இதுலதான்.

எப்படி கை வெச்சாருன்னு பாருங்க. 1950களோட தொடக்கத்துல அவரு பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போயிட்டு வந்தாரு, அங்க வேற மாதிரி பேசுற வரலாற்றாளர்கள பாத்தாரு, ஜெர்மனில பெரியவங்க சொன்னா அதோட முடிஞ்சுதுங்கற வழக்கம் அங்க இல்ல. திரும்பி வந்து முதல் உலகப்போர் பக்கம் திரும்புனாரு. அப்போ ஃபைல் எல்லாம் சிதறி கெடந்துச்சு. வெளியுறவு அமைச்சக ஃபைல்கள 1945ல பிரிட்டனும் அமெரிக்காவும் அள்ளிட்டு போயிருந்தாங்க, அது 50கள்லதான் மெதுவா திரும்ப வந்துச்சு. சான்சலர் ஆபீஸ் ஃபைல் கிழக்கு ஜெர்மனி கைல, போட்ஸ்டாம் ஆர்க்கைவ்ல இருந்துச்சு. பனிப்போர் உச்சத்துல இருந்த நேரம் அது, ஒரு மேற்கு ஜெர்மன் ப்ரொஃபஸர் கம்யூனிஸ்ட் நாட்டு ஆர்க்கைவுக்கு போயி அனுமதி கேட்டு உக்காந்து படிக்கறதுங்கறது யோசிக்காம செய்யற விஷயம் கிடையாது. அவரு போனாரு. அவரோட ஸ்டூடன்ட் இமானுவேல் கைஸ் மாதிரி இளைஞர்களும் அந்த ஃபைல்களுக்குள்ள இறங்குனாங்க. வெறும் தூதரக டெலிகிராம் மட்டும் படிக்காம பேங்க்காரங்க, இரும்பு கம்பெனி முதலாளிங்க, ராணுவ தளபதிங்க, உள்துறை அதிகாரிங்க அனுப்புன மெமோவ எல்லாம் சேத்து படிச்சாரு, அதுவரைக்கும் வெளியுறவு வரலாறு எழுதுன ஆளுங்க பெரும்பாலும் அந்த பக்கமே போனதில்ல. என்னை கேட்டா அவரோட நிஜமான புதுமை அந்த படிக்கற முறைலதான் இருக்கு.

போட்ஸ்டாம் ஃபைல்ல இருந்து அவரு எடுத்துட்டு வந்த ஒரு டாக்குமென்ட்ட மட்டும் கிட்ட வெச்சு பாப்போம். தேதி 1914 செப்டம்பர் 9. போர் ஆரம்பிச்சு ஆறு வாரம் கூட ஆகல. சான்சலர் பெத்மன் ஹோல்வெக் பேருல, அவரோட உதவியாளர் குர்ட் ரீட்ஸ்லர் கைவண்ணத்துல தயாராகி, பெர்லின்ல இருந்த உள்துறை பொறுப்பாளர் டெல்ப்ரூக்குக்கு போகுது. சமாதானம் பேசும்போது என்னென்ன கேக்கணும்னு ஒரு தற்காலிக குறிப்பு. ஆரம்பத்துலயே பொது நோக்கம் என்னன்னு வருது: மேற்குலயும் கிழக்குலயும் நினைச்சு பாக்கக்கூடிய காலம் வரைக்கும் ஜெர்மனிக்கு பாதுகாப்பு. அதுக்கு ஃபிரான்ஸ் இனி எப்பவுமே வல்லரசா எழ முடியாத அளவுக்கு பலவீனமாகணும். ரஷ்யாவ ஜெர்மன் எல்லைல இருந்து முடிஞ்ச வரைக்கும் பின்னாடி தள்ளணும், ரஷ்யர் அல்லாத மக்கள் மேல அதுக்கு இருக்கற ஆதிக்கத்த உடைக்கணும்.

அப்புறம் ஒவ்வொரு நாடா வருது. ஃபிரான்ஸோட ப்ரியே இரும்புத்தாது சுரங்கப்பகுதி ஜெர்மனிக்கு வரணும். பெல்ஃபோர்ட் வேணுமா, டன்கிர்க்ல இருந்து பூலோன் வரைக்கும் கடற்கரை வேணுமான்னு ராணுவம் யோசிச்சு சொல்லணும். அடுத்த 15, 20 வருஷத்துக்கு ஃபிரான்ஸ் ஆயுதத்துக்கு பெருசா செலவு பண்ண முடியாத அளவுக்கு போர் இழப்பீடு வாங்கணும். பெல்ஜியத்துல லியேஜ், வெர்வியே பிரஷ்யாவோட சேரணும், மிச்ச பெல்ஜியம் பேருக்கு ஒரு நாடா இருக்கலாம், நிஜத்துல அடிமை நாடு. லக்ஸம்பர்க் ஜெர்மன் மாநிலம் ஆகிடும். ஃபிரான்ஸ், பெல்ஜியம், ஹாலந்து, டென்மார்க், ஆஸ்திரியா-ஹங்கேரி, போலந்து எல்லாத்தையும் ஒரு சுங்க கூட்டமைப்புக்குள்ள கொண்டு வரணும், பேருக்கு எல்லாரும் சமம், நடைமுறைல பொருளாதார தலைமை ஜெர்மனிக்கு. ஆப்பிரிக்காவோட நடுவுல தொடர்ச்சியா ஒரு காலனி சாம்ராஜ்யம்.

இத முதல்முறை படிச்சப்போ தேதிய ரெண்டு தடவ பாத்தேன். செப்டம்பர் 9 அன்னிக்குத்தான் மார்ன் ஆத்துப் பக்கம் ஜெர்மன் படை பின்வாங்க ஆரம்பிச்சுது. பாரிஸ் கைக்கு எட்டுற தூரத்துல இருக்குன்னு நெனச்சு எழுதுன பட்டியல், எழுதுன நாளே போர் கை மாற ஆரம்பிச்சிடுச்சு. பெத்மன் ஹோல்வெக்க அதுவரைக்கும் எல்லாரும் மென்மையான, தத்துவம் படிக்கற, தளபதிங்களுக்கு நடுவுல மாட்டிக்கிட்ட பாவப்பட்ட மனுஷனாத்தான் வர்ணிச்சுட்டு இருந்தாங்க. அந்த மனுஷனோட ஆபீஸ்ல இருந்துதான் இது வந்திருக்கு.

ஃபிஷர் இதோட நிறுத்தல. இந்த பட்டியல்ல இருக்கற ஆசை 1914ல இருந்து 1918 வரைக்கும் எப்படி தொடர்ந்துச்சுன்னு வருஷம் வருஷமா காட்டுனாரு, 1918 மார்ச்ல ரஷ்யா கிட்ட ப்ரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க் சமாதான ஒப்பந்தத்துல ஜெர்மனி என்ன பிடுங்குச்சுங்கறது வரைக்கும். எதிரி சாம்ராஜ்யங்களுக்குள்ள புரட்சிய கிளப்பி விடறதும் இந்த திட்டத்தோட ஒரு பகுதிதான்னு காட்டுனாரு. இங்க நம்ம ஊரு சம்பந்தம் ஒண்ணு வருது, அத விட்டுட்டு போக மனசில்ல. 1914 ஜூலை 30 அன்னிக்கு கைசர் வில்ஹெல்ம் ஒரு தூதரக அறிக்கையோட ஓரத்துல ஆத்திரமா கிறுக்குனாரு, நாம ரத்தம் சிந்தி செத்தாலும் இங்கிலாந்து இந்தியாவயாவது இழக்கணும்னு. அது வெறும் கோவத்துல சொன்ன பேச்சா போகல, பெர்லின்ல வெளியுறவு அமைச்சகத்தோட ஆதரவுல இந்திய புரட்சியாளர்களோட கமிட்டி ஒண்ணு உருவாச்சு, திருவனந்தபுரத்துல பிறந்த தமிழர் செண்பகராமன் பிள்ளை அதுல முக்கியமான ஆளு. செப்டம்பர் குறிப்பு எழுதி 13 நாள் கழிச்சு, செப்டம்பர் 22 ராத்திரி, எம்டன் கப்பல் மெட்ராஸ் துறைமுகத்து எண்ணெய் டேங்க்குகள குண்டு போட்டு கொளுத்துச்சு. கெட்டிக்கார ஆள 'சரியான எம்டன்'னு சொல்ற நமக்கு, அந்த கப்பல அனுப்புன அரசாங்கம் தலைநகரத்துல என்ன கணக்கு போட்டுட்டு இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்க ஃபிஷர் திறந்த ஃபைல்கள் ஒரு வழி.

1959ல ஹிஸ்டோரிஷே சைட்ஷ்ரிஃப்ட்ங்கற ஜெர்மன் வரலாற்றுத்துறையோட பெரிய இதழ்ல முதல்ல ஒரு கட்டுரையா வந்துச்சு. 1961 அக்டோபர்ல கிட்டத்தட்ட 900 பக்கத்துக்கு புத்தகம். தலைப்ப தமிழ்ல சொன்னா 'உலக வல்லரசு இடத்துக்கு கை நீட்டல்'னு வரும், பிடிச்சு இழுக்கறங்கற அர்த்தமும் அதுல இருக்கு. வந்த நேரத்த பாருங்க, அந்த ஏப்ரல்ல ஜெருசலேம்ல, யூதப் படுகொலைய நடத்துன நாஜி அதிகாரிங்கள்ல ஒருத்தரான ஐக்மன் மேல விசாரணை ஆரம்பிச்சிருக்கு, ஆகஸ்ட்ல பெர்லின் சுவர் எழும்பியிருக்கு. நாடே காயத்த தடவிட்டு இருக்கும்போது ஒருத்தர் வந்து முதல் போருக்கும் பெரும் பொறுப்பு நம்மளுதுதான்னு சொல்றாரு. அந்த புத்தகத்துல போர் வெடிக்கறதுக்கு முந்தின 1914 ஜூலை நெருக்கடிய பத்தி இருந்தது ஒரே ஒரு அத்தியாயம்தான், மிச்சம் எல்லாம் போருக்குள்ள வெச்சிருந்த நோக்கங்கள பத்தி. ஆனா சண்டை பூரா அந்த ஒரு அத்தியாயத்த சுத்தித்தான்.

எதிர்ல நின்னவர்ல முக்கியமானவரு கெர்ஹார்ட் ரிட்டர். இவர வில்லனாக்கி எழுதறது ரொம்ப சுலபம், ஆனா அது நியாயமில்ல. ரிட்டர் முதல் உலகப்போர்ல சண்டை போட்ட ஆளு, நாஜிகளுக்கு எதிரான வட்டத்துல இருந்து ஹிட்லர கொல்ல நடந்த 1944 ஜூலை சதிக்கு அப்புறம் கெஸ்டபோங்கற நாஜி ரகசிய போலீஸ் கைல மாட்டி ஜெயில்ல இருந்தவரு. ஹிட்லர எதிர்த்த ஜெர்மனிதான் உண்மையான ஜெர்மனின்னு மனசார நம்புனவரு. அவருக்கு ஃபிஷரோட புத்தகம் தன் தலைமுறையோட கடைசி மரியாதைய பறிக்கற மாதிரி இருந்துச்சு. 1962ல எழுதுன மதிப்புரைய, இந்த புத்தகத்த கீழ வைக்கும்போது அடுத்த தலைமுறைய நெனச்சு துக்கமும் கவலையும் வருதுங்கற மாதிரி முடிச்சாரு. அந்த வரில இருக்கற வலி பொய்யில்ல. ஆனா வலிக்குதுங்கறதால ஃபைல்ல இருக்கறது மாறிடாது, அதுவும் அந்த வலிய தூக்கிட்டு அமைச்சர் கிட்ட போனது எனக்கு மன்னிக்க முடியாததா படுது.

ஆமா, அதான் நடந்துச்சு. 1964 ஜனவரில ரிட்டர் அப்போதைய வெளியுறவு அமைச்சர் கெர்ஹார்ட் ஷ்ரோடருக்கு (பின்னாடி சான்சலரான அதே பேர்காரர் வேற) கடிதம் எழுதுனாரு, அரசாங்க செலவுல ஃபிஷர் அமெரிக்கா போயி இந்த கருத்த பரப்பலாமான்னு. அமைச்சகம் காச நிறுத்துச்சு. அமெரிக்கால இருந்த ஒரு டஜன் வரலாற்றாளர்கள், அதுல ஹிட்லர் காலத்துல சின்ன வயசுல ஜெர்மனிய விட்டு ஓட வேண்டி வந்த ஃப்ரிட்ஸ் ஸ்டெர்ன் மாதிரி ஆளுங்களும் உண்டு, ஜெர்மன் வார இதழ் டி சைட்ல கண்டனம் எழுதுனாங்க. அப்புறம் அமெரிக்க கல்விச்சங்கங்களோட கவுன்சில் காசு போட்டு ஃபிஷர வரவழைச்சுது. அரசாங்கம் வாய அடைக்க பாத்ததால அவரு பேரு இன்னும் நாலு ஊருக்கு பரவுனதுதான் மிச்சம். இதுக்கு நடுவுல நாடாளுமன்ற தலைவர் கெர்ஸ்டன்மையர் வரைக்கும் இந்த புத்தகத்துக்கு எதிரா பேசுனாங்க, இன்னொரு பக்கம் டெர் ஷ்பீகல் இதழ் ஃபிஷர் பக்கம் நின்னு புத்தகத்துல இருந்து பகுதிகள போட்டு வீட்டு ஹாலுக்கே கொண்டு போச்சு. யூனிவர்சிட்டிக்குள்ள மட்டும் நடந்திருக்க வேண்டிய ஒரு வாதம் டீக்கடை பேச்சு அளவுக்கு வந்துடுச்சு.

அதே வருஷம் அக்டோபர்ல பெர்லின்ல ஜெர்மன் வரலாற்றாளர் மாநாடு. ஆயிரம் பேருக்கு மேல கூட்டம், நிறைய பேர் ஸ்டூடன்ட்ஸ், மணிக்கணக்கா போன வாதம். ஒரு பக்கம் ஃபிஷர், கைஸ், அமெரிக்கால இருந்து வந்த ஸ்டெர்ன். எதிர் பக்கம் ரிட்டர், கீல் யூனிவர்சிட்டி எர்ட்மன், அப்புறம் எக்மண்ட் செஹ்லின், இந்த செஹ்லின் ஃபிஷரோட அதே ஹாம்பர்க் யூனிவர்சிட்டி ப்ரொஃபஸர், அதாவது தினமும் ஒரே காரிடார்ல எதிர்ல வர்ற ஆளு. அங்க ஸ்டெர்ன் கேட்ட ஒரு கேள்விதான் எனக்கு இந்த முழு சண்டையோட நடுப்புள்ளியா தெரியுது: ஒரு நாட்டோட வரலாறு பூரா வரிசையா விபத்தா நடந்துட்டே இருந்தா, அந்த மொத்த அமைப்புலயே ஏதோ கோளாறு இருக்குன்னு ஒருத்தருக்கும் சந்தேகம் வராதாங்கற அர்த்தத்துல கேட்டாரு. கூட்டத்துல இருந்த இளைஞர்களோட கைதட்டல் எந்த பக்கம் போச்சுன்னு சொல்லவே வேண்டாம். அப்பா தாத்தா எல்லாம் வாய மூடிட்டு இருந்த வீடுகள்ல வளந்த பசங்க அவங்க.

இப்போ ஃபிஷரோட பலவீனத்துக்கு வரேன். செப்டம்பர் குறிப்புல இருக்கற ஆசை போருக்கு அப்புறம் வந்ததா, முன்னாடியே இருந்ததா? போர் ஆரம்பிச்சு ஜெயிக்கற மாதிரி தெரிஞ்சதும் பசி வரலாம், அதுக்காக அந்த பசிதான் போர தொடங்குச்சுன்னு சொல்லிட முடியாதுன்னு எதிர்த்தவங்க சொன்னது வலுவான கேள்வி. அதுக்கு பதில் சொல்லத்தான் 1969ல இன்னொரு பெரிய புத்தகம் போட்டாரு, 1911ல இருந்து 1914 வரைக்கும். அதுல 1912 டிசம்பர் 8 அன்னிக்கு கைசர் கூட்டுன மீட்டிங்க மையத்துக்கு கொண்டு வந்தாரு. அன்னிக்கு தரைப்படை தலைமை மோல்ட்கே போர் வர்றதா இருந்தா சீக்கிரம் வரட்டும்ங்கறாரு, கடற்படை டிர்பிட்ஸ் பெரிய போர்க்கப்பல் போற மாதிரி கீல் கால்வாய அகலப்படுத்தி முடிக்க ஒன்றரை வருஷம் டைம் கேக்குறாரு. கால்வாய் வேல 1914 ஜூன்ல முடிஞ்சுது. இந்த ரெண்டு தேதிய பக்கத்துல வெச்சா யாருக்கும் முதுகு சில்லிடும்.

ஆனா அந்த மீட்டிங்ல சான்சலர் இல்ல, வெளியுறவு அமைச்சகத்து ஆளும் இல்ல. இருந்த அட்மிரல் ம்யூல்லர் தன் டைரில முடிவு கிட்டத்தட்ட பூஜ்யம்னு எழுதி வெச்சிருக்காரு. அதுக்கப்புறம் ஒன்றரை வருஷம் ஜெர்மனி போருக்கான நிதி, உணவு ஏற்பாட்ட எல்லாம் திட்டமா செஞ்சுதான்னா அப்படியும் தெளிவா காட்ட முடியல. இங்க ஃபிஷர் ஃபைல் சொல்றத விட அதிகமா சொல்றாருங்கறது என் கருத்து. 1961ல அவரோட பலம் காகிதம் தானா பேசுனது. 1969ல அவரு காகிதத்த பேச வைக்க ஆரம்பிச்சுட்டாரு. இன்னொண்ணும் இருக்கு, பெர்லின் ஃபைல்கள அவ்ளோ ஆழமா படிச்சவரு பீட்டர்ஸ்பர்க், பாரிஸ், லண்டன் ஃபைல்கள அதே ஆழத்துல வெச்சு ஒப்பிடல. மத்தவங்களும் காலனி புடிக்கற ஆசைல இருந்தவங்கதான், அவங்க பட்டியல் எப்படி இருந்துச்சுன்னு பக்கத்துல வெக்காம ஒருத்தரோடத மட்டும் காட்டுனா அளவு தப்பா தெரியும். 2012ல கிறிஸ்டஃபர் கிளார்க் எழுதுன புத்தகம் எல்லா தலைநகரத்தையும் சுத்தி வந்து பொறுப்ப பிரிச்சு போட்டுச்சு, ஜெர்மன் மொழிபெயர்ப்பு அங்க பயங்கரமா வித்துச்சு. ஃபிஷர் தோத்துட்டாருன்னு சிலர் எழுதுனாங்க. அப்படி ஒண்ணும் இல்ல, ஜான் ரோல், அன்னிகா மோம்பவர் மாதிரி வரலாற்றாளர்கள் ஜெர்மனியோட பங்கு பெருசுங்கறத விட்டுக்குடுக்கல, இன்னொண்ணு, கிளார்க் உட்பட யாருமே இப்போ செப்டம்பர் குறிப்ப தாண்டி குதிச்சு போக முடியாது.

ரீட்ஸ்லர் டைரி கதையும் இங்க சொல்லியாகணும். செப்டம்பர் குறிப்புக்கு பின்னாடி இருந்த அதே ரீட்ஸ்லர் 1914ல டைரி எழுதிட்டு இருந்தாரு, சான்சலர் மனசுல என்ன ஓடுச்சுன்னு தெரிஞ்சுக்க அத விட நெருக்கமான சாட்சி கிடையாது. அத 1972ல பதிப்பிச்சவரு ஃபிஷரோட எதிரணி ஆளான எர்ட்மன். மத்த வருஷமெல்லாம் நோட்டுப்புத்தகத்துல இருக்கு, சரியா 1914 ஜூலை ஆகஸ்ட் பகுதி மட்டும் தனித்தாள்ல, நடையும் வேற மாதிரி. 1983ல பெர்ன்ட் ஸோஸெமன்ங்கற வரலாற்றாளர் இத எடுத்து காட்டுனதும் பெரிய சண்டை ஆச்சு. அப்புறமா ரீட்ஸ்லரே திருத்தி எழுதியிருப்பாரோங்கற சந்தேகம், ஃபிஷரும் இத விடாம கேட்டாரு. கேக்க வேண்டிய கேள்விதான். நெருக்கடியான மாசத்தோட தாள் மட்டும் ஏன் வேற மாதிரி இருக்கு?

அந்த வருஷமே 75 வயசுல அவரு ஒரு சின்ன புத்தகம் போட்டாரு, நாம ஒண்ணும் சறுக்கி விழலன்னு அட்டையிலயே போட்டு, லாயிட் ஜார்ஜோட சறுக்கலுக்கு பதிலா. அதுக்குள்ள காலம் அவரு பக்கம் வந்துடுச்சு. அவர்கிட்ட படிச்ச கைஸ், ஹெல்முட் போமெ, பீட்டர்-கிறிஸ்டியன் விட், டிர்க் ஸ்டெக்மன் எல்லாம் தனித்தனியா வரி, கம்பெனி, கட்சின்னு கைசர் கால ஜெர்மனிய உள்ள இருந்து தோண்டி எழுதுனாங்க. வெளியுறவு கொள்கைய உள்நாட்டு வர்க்க நலன்ல இருந்து பிரிச்சு பாக்க முடியாதுங்கறது அடுத்த தலைமுறைக்கு சாதாரண பாடம் ஆயிடுச்சு. பயணத்த நிறுத்துன அதே நாடு பின்னாடி அவருக்கு பெரிய விருதும் குடுத்துச்சு. 1999 டிசம்பர் 1, ஹாம்பர்க்ல 91 வயசுல இறந்தாரு.

இறந்து நாலஞ்சு வருஷம் கழிச்சு, 2003-04ல, க்ளாவுஸ் க்ரோஸ க்ராஹ்ட்ங்கற இளம் வரலாற்றாளர் மாதிரி ஆளுங்க ஃபிஷரோட ஃபைலையே திறந்தாங்க. எஸ்ஏ, கட்சி மட்டும் இல்ல, வால்டர் ஃபிராங்குனு ஒரு வெறி பிடிச்ச நாஜி வரலாற்றாளர் நடத்துன இன்ஸ்டிட்யூட்ல இருந்து ஸ்டைபெண்ட் வாங்குனது, அந்த ஆளோட கடிதப்போக்குவரத்து வெச்சிருந்ததெல்லாம் வெளிய வந்துச்சு. வேலைக்காக பேருக்கு சேந்த ஆளுங்க லட்சம் பேர் இருந்தாங்க, இவரு அத விட கொஞ்சம் நெருக்கமாவே நின்னிருக்காரு. ரிட்டர் ஜெயிலுக்கு போனாரு, ஃபிஷர் ஸ்டைபெண்ட் வாங்குனாரு. 1964 மேடைல இந்த ரெண்டு பேரும் எதிரெதிர் உக்காந்து ஜெர்மனியோட கடந்த காலத்துக்கு யாரு நேர்மையா முகம் குடுக்கறாங்கன்னு வாதாடுனத இப்போ நெனச்சு பாத்தா தொண்டைல ஏதோ அடைக்குது.

இதனால 1961 புத்தகம் பொய்யாயிடுமா? ஆகாது. செப்டம்பர் 9 டாக்குமென்ட்ட யாரு கண்டுபிடிச்சாங்கங்கறத வெச்சு அதுல எழுதியிருக்கறது மாறாது. ஒருவேளை தான் நம்பி ஏமாந்தத உள்ளுக்குள்ள தெரிஞ்சதாலதான் அந்த வேகத்தோட தோண்டுனாரோன்னு சிலருக்கு தோணும், எனக்கும் தோணிருக்கு, ஆனா அதுக்கு சாட்சி இல்ல, அவரே ஒரு பக்கம் எழுதியிருந்தா இருந்திருக்கும். அவருக்கு 1947ல இருந்து 52 வருஷம் டைம் இருந்துச்சு. நாலு வருஷம் ஒரு தேசத்தோட தலைவருங்க என்ன நெனச்சாங்கன்னு 900 பக்கம் எழுத முடிஞ்ச ஆளுக்கு, 1930கள்ல தான் என்ன நெனச்சோம்னு நேரா ஒரு பக்கம் எழுத மனசு வரலங்கறது எனக்கு இன்னைக்கும் ஆறல.

போட்ஸ்டாம்ல இருந்த அந்த சான்சலர் ஆபீஸ் ஃபைல்கள், ஜெர்மனி ஒண்ணானதுக்கு அப்புறம் பெர்லின் லிஷ்டர்ஃபெல்டல இருக்கற மத்திய ஆர்க்கைவுக்கு போயிடுச்சு. அமெரிக்கர்கள் ரொம்ப வருஷம் கைல வெச்சிருந்த நாஜி கட்சி உறுப்பினர் கார்டுகளும் 1994ல ஜெர்மனி கைக்கு வந்து இப்போ அதே லிஷ்டர்ஃபெல்டலதான் இருக்கு. ரெண்டையும் விண்ணப்பம் போட்டு அங்கயே உக்காந்து படிக்கலாம்.